120 கடிதங்கள், 9 கையெழுத்துகள்

எங்கள் அறக்கட்டளையின் டயாலிசிஸ் உதவி நிதிக்காகப் பிரபலங்களிடம் கையெழுத்து வாங்கி ஏலம் விடலாம் என்று கூட்டத்தில் சொன்னது நான்தான். நல்ல யோசனை, நீங்களே எடுத்துச் செய்யுங்கள் என்றார்கள். அதற்கப்புறம் எட்டு மாதம், வேலை முடிந்து வந்த மாலைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் இதற்கே போயின. 120 கடிதங்கள் எழுதினேன். 31 பதில்கள் வந்தன. அவற்றில் 17-ல் கையெழுத்து இருந்தது. அந்த 17-லும், அவரே தன் கையால் போட்டது என்று தைரியமாகச் சொல்லி விற்க முடிந்தவை 9 மட்டும். அஞ்சல் செலவு, படங்கள் பிரிண்ட் போட்ட செலவு, பிற்பாடு நான் திருப்பிக் கொடுத்த தொகை எல்லாம் சேர்ந்து என்னுடைய இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல யாராவது இருந்திருந்தால் பாதி நஷ்டம் வந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவணையாக 40 கடிதங்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். சிறுநீரக நோய் என்றால் என்ன, வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்துக் கிடப்பது எப்படி இருக்கும், குடும்பங்கள் எப்படிக் கடனாளி ஆகின்றன என்று உருகி உருகி எழுதியிருந்தேன். கையெழுத்து வேண்டும் என்ற விஷயம் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில்தான் வரும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அங்கே கடிதத்தைப் பிரிப்பவர் பிரபலம் இல்லை, அவருடைய உதவியாளர். அவர் மேஜையில் அன்றைக்கு ஐம்பது கடிதம் இருக்கும். முதல் நான்கு வரியில் என்ன கேட்கிறோம் என்பது தெரியாவிட்டால் அது ஓரமாகப் போய்விடும். 40-க்கு 2 பதில்தான் வந்தது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். ஒரே கடிதத்தைக் காப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போனதில், ஒரு நடிகருக்குப் போன கடிதத்தின் நடுவில் 'உங்கள் ஆட்டத்தைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன்' என்று ஒரு விளையாட்டு வீரருக்கு எழுதிய வரி அப்படியே தங்கிவிட்டது. தபாலில் சேர்த்த பிறகு பிரதியைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. என் பெயர் கெட்டால் பரவாயில்லை, லெட்டர்பேடில் இருப்பது அறக்கட்டளையின் பெயர். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து கடிதத்துக்கு மேல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எழுதியதை மறுநாள் காலையில் வாய்விட்டுப் படித்த பிறகுதான் உறையில் போடுவேன்.

இரண்டாம் தவணையில் கடிதத்தை ஒரே பக்கமாகச் சுருக்கினேன். முதல் பத்தியில் மூன்றே விஷயங்கள்: நாங்கள் யார், என்ன கேட்கிறோம், எந்தத் தேதிக்குள் வேண்டும். 'டயாலிசிஸ் செய்துகொள்ள வசதி இல்லாத நோயாளிகளுக்காக நடத்தும் ஏலத்துக்கு, இத்துடன் உள்ள அட்டையில் உங்கள் கையெழுத்து ஒன்றைக் கேட்டு எழுதுகிறோம்' என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவேன். அடுத்த பத்தி அவருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கும். அவர் செய்த ஒரு குறிப்பிட்ட வேலை, அது எனக்கு ஏன் முக்கியம் என்று இரண்டு வரி. 'உங்கள் நடிப்பு பிரமாதம்' என்பதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் அது யாருக்கும் எழுதியதாகாது. கடைசிப் பத்தியில் உறையில் என்னென்ன வைத்திருக்கிறோம், அவர்களுக்குச் செலவு எதுவும் இல்லை, அறக்கட்டளையின் பதிவு எண், சந்தேகம் என்றால் யாரைக் கூப்பிடலாம் என்ற விவரம். கீழே அறக்கட்டளைத் தலைவரும் நானும் பேனாவால் கையெழுத்துப் போட்டோம். நாம் கேட்பதே கையெழுத்து, நம்முடையதை அச்சடித்து அனுப்பினால் நன்றாக இருக்காது. இந்தத் தவணையில் 80 கடிதங்கள், 29 பதில்கள்.

சந்தேகத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று எழுதினேனே, அதிலும் அடி வாங்கினேன். நான் மிகவும் எதிர்பார்த்த ஒருவருடைய மேனேஜர் உண்மையிலேயே எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவர் புதிதாகச் சேர்ந்தவர். 'அப்படி ஏலம் எதுவும் நாங்கள் நடத்தவில்லையே' என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, நான் அவரிடம் சொல்லவே இல்லை. இரண்டு வாரம் கழித்து விஷயம் தெரிந்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. கையெழுத்து வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் நோயாளிகள் பேரையும் குழந்தைகள் பேரையும் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் விசாரிப்பது நியாயம். கடிதம் அனுப்பும் முன் அலுவலகத்தில் போன் எடுக்கக்கூடிய ஒவ்வொருவரிடமும் ஏலத் தேதியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முகவரி விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. இணையத்தில் தேடினால் பலருடைய வீட்டு முகவரிகளே கிடைக்கின்றன. ஆரம்பத்தில் நானும் நாலைந்து பேருக்கு வீட்டுக்கே அனுப்பினேன். ஒன்று பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உறையின் மேலேயே 'இது என் வீடு, தயவுசெய்து இங்கே எழுதாதீர்கள்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் கூசிப்போனேன். எழுத்தாளர் என்றால் பதிப்பகத்துக்கு, விளையாட்டு வீரர் என்றால் அவருடைய அணிக்கு, நடிகர் என்றால் ஏஜென்சிக்கோ தயாரிப்பு அலுவலகத்துக்கோ எழுதுவதுதான் முறை. மேடை நாடகத்தில் நடித்துக்கொண்டிருப்பவர் என்றால் அந்த அரங்கத்தின் முகவரிக்கு எழுதலாம். நாடகம் ஓடுகிற நாட்களில் அவர் தினமும் அங்கே வருகிறவர், கடிதம் நேரே அவர் கைக்குப் போகும். என் அனுபவத்தில் அதிகம் பதில் போட்டவர்கள் எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் கார்ட்டூனிஸ்டுகளும்தான். உச்சத்தில் இருக்கும் நட்சத்திரங்களுக்கு மட்டுமே எழுதிக் காத்திருந்தால் ஏல மேஜை காலியாகத்தான் இருக்கும்.

உறைக்குள் என்ன வைப்பது என்பதற்கு வருகிறேன். பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவர்களுக்குத் தெரிந்த பழைய விதிதான்: போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரியிட்ட உறை. அது இல்லாமல் போனால் பதிலை மறந்துவிடலாம். அந்த உறை படத்தை மடிக்காமல் வைக்கும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும், வெளி உறை அதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும். உள்ளே அதே அளவில் ஒரு கெட்டி அட்டை. நான் அட்டை வைக்காமல் அனுப்பியதில் ஒரு படம் நடுவில் மடிந்து, கையெழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்து வந்தது. அதை ஏலத்தில் வைக்கவே முடியவில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பியதில் இதைவிட அடிப்படையான தவறு. திரும்பி வரவேண்டிய உறையில் நான் ஒட்டியது என் நாட்டுத் தபால்தலை. அங்கிருந்து அனுப்ப அந்த நாட்டுத் தபால்தலைதானே வேண்டும்? 22 உறைகளில் ஒட்டிய ஸ்டாம்புகள் அப்படியே வீண். இதற்காகவே சர்வதேச பதில் கூப்பன் என்ற ஒன்று 1907-ல் வந்தது. அதைக் கொடுத்தால் அந்த நாட்டு அஞ்சல் நிலையத்தில் தபால்தலை தருவார்கள். ஆனால் இப்போது அதை நம்பி இருக்க முடியாது, அமெரிக்க அஞ்சல் துறை 2013-லேயே அதை விற்பதை நிறுத்திவிட்டது. அந்த நாட்டில் இருக்கும் தெரிந்தவர் மூலம் தபால்தலை வாங்கிக்கொள்வதுதான் எனக்கு ஒத்துவந்தது.

கையெழுத்துப் போட எதை அனுப்புவது? நல்ல கனமான வெள்ளை அட்டை ஒன்றும், வெளிர் நிறப் பகுதி உள்ள படம் ஒன்றும் போதும். பத்துப் படம் அனுப்பினால் வியாபாரி என்று நினைப்பார்கள். வழவழப்பான படத்தில் பால்பாயிண்ட் பேனா பிடிக்காது, மை திரண்டு வழியும். எனக்கு வந்த ஒரு படத்தில் கையெழுத்து பாதி அழிந்து நீலப் புகைமாதிரி இருந்தது. அதற்கப்புறம் மெல்லிய முனை உள்ள பெர்மனென்ட் மார்க்கர் ஒன்றையும் சேர்த்தே அனுப்பினேன். அட்டைக்குச் சாதாரணப் பேனாவே போதும். உங்களுக்குப் பிரியமான பொருளை மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். நண்பர் ஒருவர் பல வருடம் பத்திரமாக வைத்திருந்த முதல் பதிப்புப் புத்தகத்தை ஏலத்துக்காக நம்பிக் கொடுத்தார். ஆசிரியருக்கு அனுப்பினேன். போனது போனதுதான். வழியில் தொலைந்ததா, எங்கேயாவது அலமாரியில் இருக்கிறதா என்பது இன்றுவரை தெரியாது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இன்னொரு நுட்பம். பல பிரபலங்கள் 'அன்புடன் இன்னாருக்கு' என்று பெயர் எழுதித்தான் கையெழுத்துப் போடுவார்கள். விற்பனைக்குப் போகாமல் தடுக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஏலத்தில் அது விலையைக் குறைத்துவிடும், வேறொருவர் பெயர் எழுதிய படத்தை யார் மாட்டிக்கொள்வார்கள்? அதனால் 'ஏலத்துக்காக என்பதால் யார் பெயரும் வேண்டாம்' என்று காரணத்தோடு கேளுங்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு வரி கைப்பட எழுதித் தர முடியுமா என்றும் கேட்கலாம். 1922-ல் டோக்கியோ ஓட்டலில் ஐன்ஸ்டைன் ஒரு பணியாளருக்கு டிப்ஸுக்குப் பதிலாக எழுதிக் கொடுத்த ஒரு வரி, 2017-ல் ஜெருசலேம் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் எங்கள் ஏலத்திலும் மிக அதிகமாகப் போனது ஒரு நட்சத்திரத்தின் படம் இல்லை. வயதான எழுத்தாளர் ஒருவர் நடுங்கும் கையால் எழுதிய அட்டைதான். எழுத்துகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கியிருந்தன. ஒரு சொல்லைத் தப்பாக எழுதி, அடித்து, மேலே திருத்தியிருந்தார். என் தங்கையும் இந்த நோயில்தான் போனாள் என்று ஒரு வரி. கீழே பெயர். அந்த உறையைப் பிரித்த அன்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆறு பேர் மரியாதையாக மறுத்து எழுதினார்கள். 14 கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பின. மறுப்பது அவர்கள் உரிமை. டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், தன்னால் செய்ய இயலாதவற்றின் பட்டியலை ஓர் அட்டையில் அச்சடித்தே வைத்திருந்தார். கையெழுத்து அனுப்புவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. நீல் ஆம்ஸ்ட்ராங் தன் கையெழுத்துகள் விற்கப்படுவதையும் போலிகள் உலவுவதையும் பார்த்து 1994 வாக்கில் போடுவதையே நிறுத்திவிட்டார். 2008 அக்டோபர் 20-க்குப் பிறகு வரும் ரசிகர் கடிதங்களைக் குப்பையில்தான் போடுவேன் என்று பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார் வீடியோவிலேயே சொன்னார். இந்தப் பக்கம், கையெழுத்துக்கு 5 ரூபாய் கேட்டு வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்த காந்தியும் இருக்கிறார். நாம் எழுதுகிறவர் இதில் எந்த ரகம் என்பதைக் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு எழுதினால் தபால்தலையாவது மிச்சம்.

நாள் கணக்கிலும் ஏமாந்தேன். முதல் தவணையில் இரண்டு மாதம் வீணாகிப்போனதால், இரண்டாம் தவணைக்கும் ஏலத்துக்கும் நடுவில் இருந்தது ஐந்து மாதம்தான். வந்த 17-ல் மூன்று, ஏலம் முடிந்த பிறகு வந்தவை. ஒன்று சரியாக மூன்றாம் நாள் வந்தது. படப்பிடிப்பு, சுற்றுப்பயணம் என்று அவர்கள் அலுவலகத்துக்கே வராத மாதங்கள் இருக்கும். ஒன்பது மாதம், முடிந்தால் ஒரு வருடம் முன்னால் தொடங்குங்கள். கடிதத்தில் கேட்கும் கடைசித் தேதியை ஏலத்துக்கு ஆறு வாரம் முன்னதாகக் குறிப்பிடுங்கள்.

ஆக, மூன்று தாமதம், இரண்டு பழுது போக 12 உருப்படிகள் ஏலத்துக்குப் போயின. எல்லாமே விற்றன. அன்று இரவு கணக்குப் பார்த்தபோது பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பத்து நாள் கழித்து, படம் ஒன்றை வாங்கியவர் என்னைப் பார்க்க வந்தார். பெரியவர், பல வருடமாகக் கையெழுத்து சேகரிப்பவர். கோபமாக வரவில்லை. பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்தார். ஒன்று எங்களிடம் வாங்கியது, மற்றது அதே பிரபலத்திடமிருந்து அவருக்கு முன்பே வந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு எதிராகப் பிடித்தார். இரண்டு கையெழுத்தும் ஒரே கோடாகத் தெரிந்தன. முதல் எழுத்தின் சுழி, நடுவில் வரும் சின்ன வளைவு, கடைசி இழுப்பு, இழை அளவுகூட விலகவில்லை. 'ஒரு மனுஷனால ரெண்டு தடவை இப்படிப் போட முடியாதுங்க. இது ஆட்டோபென்' என்றார்.

பேனாவைப் பிடித்து ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும் இயந்திரம் அது. அப்படி ஒன்று இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. நிஜ மையில் நிஜப் பேனாவால் போடுவதால் பார்வைக்கு அசல்போலவே இருக்கும். 2011-ல் ஒபாமா பிரான்சில் இருந்தபோது வாஷிங்டனில் ஒரு சட்டத்துக்கே அந்த இயந்திரம்தான் கையெழுத்துப் போட்டது. 2022-ல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புத்தகத்தை அவர் கையால் கையெழுத்திட்டது என்று சொல்லி 900 பிரதிகளை, ஒன்று 599 டாலருக்குப் பதிப்பகம் விற்றது. வாங்கியவர்கள் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்த்து இயந்திரக் கையெழுத்து என்று கண்டுபிடித்தார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு பெரிய இடத்திலேயே நடப்பது நமக்கு நடக்காதா?

அந்தப் பெரியவரையே கூட உட்கார வைத்து, ஏலத்துக்கு முன் நான் எடுத்து வைத்திருந்த பெரிய அளவு ஸ்கேன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சந்தேகம் வந்த இரண்டை, வாங்கியவர்கள் வீட்டுக்கே போய் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். கையால் எழுதும்போது அழுத்தம் ஏறி இறங்கும், வேகமாக இழுக்கும் இடத்தில் கோடு மெலியும், பேனா தூக்கும் இடத்தில் வால்போல நீளும். இயந்திரத்தில் கோடு முழுக்க ஒரே தடிமன், தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அழுத்தமான புள்ளி, நேர்க்கோட்டில் லேசான நடுக்கம். ரப்பர் ஸ்டாம்பு என்றால் ஓரத்தில் மை ஒதுங்கி நடுவில் வெளிறியிருக்கும். அச்சடித்த கையெழுத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மை தனியாக மினுங்காது, லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எனக்கு வந்த பதில்களில் 8 அப்படி அச்சடித்த படங்கள், அவற்றை மட்டும் நான் ஆரம்பத்திலேயே ஒதுக்கியிருந்தேன். உதவியாளரே அவர் மாதிரி போட்டுத் தருவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்பக் கஷ்டம், பழைய அசல் கையெழுத்துகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பார்த்த முடிவில் இன்னொன்று ஆட்டோபென், ஒன்று ஸ்டாம்பு. மொத்தம் மூன்று. மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன், மற்ற இரண்டு பேருக்கும் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். அவர்கள் மனநிறைவோடு மாட்டியிருக்கிறார்கள், பணம் நோயாளிகளுக்குத்தானே போனது என்று. ஆனால் விற்பனைச் சீட்டில் 'அசல் கையெழுத்து' என்று எழுதியது என் கை. மறுநாளே மூன்று பேருக்கும் பணத்தைத் திருப்பினோம். ஏலத் தொகை ஏற்கெனவே சிகிச்சைகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால் அதை நான் என் கையிலிருந்து கொடுத்தேன். ஒருவர் வாங்க மறுத்து நன்கொடையாகவே வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்போதும் படத்தின் பின்னால் 'இயந்திரக் கையெழுத்து' என்று எழுதித்தான் கொடுத்தேன்.

நீங்கள் செய்யும்போது, வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அஞ்சல் முத்திரையோடு அந்த உறை, கூட வந்த குறிப்பு, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதி மூன்றையும் கையெழுத்தோடு சேர்த்துக் கொடுங்கள். எந்தச் சான்றிதழையும்விட வாங்குகிறவருக்கு நம்பிக்கை தருவது அதுதான். உறுதியாகத் தெரியாதபோது 'அவருடைய அலுவலகத்திலிருந்து வந்தது' என்று மட்டும் எழுதுங்கள். ஏலம் நெருங்கும்போது உருப்படி போதவில்லை என்று தெரிந்தால், கையெழுத்திட்ட பொருட்களைச் சான்றிதழோடு தருகிறோம், விற்றால் பங்கு கொடுத்தால் போதும் என்று யாராவது வருவார்கள். என்னிடமும் வந்தார்கள், கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டேன். 1990-களில் அமெரிக்காவில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகூட அகப்பட்டது. சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

கையெழுத்து தந்த எல்லோருக்கும், அது எவ்வளவுக்குப் போனது, அந்தப் பணத்தில் எத்தனை முறை டயாலிசிஸ் நடந்தது என்று எழுதி நன்றிக் கடிதம் அனுப்பினேன். இரண்டு பேர், அடுத்த முறையும் கேளுங்கள் என்று பதில் போட்டார்கள். தாமதமாக வந்த மூன்றும் அமிலம் இல்லாத உறையில், வெயில் படாத அலமாரியில், அவற்றின் தபால் உறைகளோடு இருக்கின்றன. லேமினேட் செய்யவில்லை. செய்தால் மதிப்பே போய்விடும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். இப்போது எங்களுக்கு வருவதையெல்லாம் முதலில் பார்ப்பது அவர்தான். போன வாரம் அந்த மூன்றில் கடைசியாக வந்ததை லென்ஸுக்குக் கீழே வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு வளைவைக் காட்டி, 'இங்க பாருங்க, பேனா மக்கர் பண்ணியிருக்கு. மறுபடி மேல எழுதியிருக்காரு. இது கையால போட்டதுதான்' என்று என் பக்கம் நகர்த்தினார்.